கோடு போட்டது யார்

அலுவலகத்தில் அவளுக்கு ஹைஃபன் மேடம் என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தெரியும், யார் முதலில் வைத்தது என்பதுகூடத் தெரியும். சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வேலை பிழை திருத்துவது. மிக்சி, ஹீட்டர், வாஷிங் மெஷின் போன்றவற்றோடு ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகம் வருமே, பெரும்பாலான வீடுகளில் பெட்டியோடு பரணுக்குப் போய்விடுமே, அதை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு எழுத்து விடாமல் படித்துப் பார்ப்பவள் அவள். ஒரு வரியைப் படித்தால் மற்றவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். அவளுக்கு முதலில் கண்ணில் படுவது, அந்த வரியை எப்படியெல்லாம் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்பதுதான். இரண்டு சொல் சேர்ந்து ஒரு பெயரை வர்ணிக்க வந்தால் நடுவே ஹைஃபன் என்கிற சின்னக் கோடு இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அந்தக் கோடு இல்லாவிட்டால் முதல் சொல் பக்கத்துச் சொல்லை விட்டுவிட்டு எதிர்வீட்டுக்காரனோடு போய்விடும் என்பாள். அலுவலகத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர் கிடையாது.

வீட்டிலும் அதே கண்தான். கதவு மணி அடித்தால் முதலில் ஜன்னல் வழியே பார்ப்பாள். ராங் நம்பர் என்று யாராவது வைத்துவிட்டால் அந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட்டு, யார் வேண்டும் என்று கேட்பாள். சிரித்துக்கொண்டே பேசுகிறவர்களை இரண்டு முறை பார்ப்பாள், சிரிக்காமல் பேசுகிறவர்களை மூன்று முறை.

கணவருக்குப் பழைய மரச்சாமான் கடை. வீடு காலி செய்கிறவர்களிடம் கட்டிலும் மேசையும் வாங்கி, ஆணி அடித்து, பாலிஷ் போட்டு விற்பார். சாதுவான மனிதர். பேரம் பேச வந்தவர்களிடம், "நீங்களே ஒரு விலை சொல்லுங்களேன்" என்று ஆரம்பித்துவிடுவார். விற்பனைக்கு உள்ள சாமான்களைப் படமெடுத்து, ஃபோனில் ஒரு ஆப்பில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிப் போடுவார். அந்த ஆங்கிலம்தான் அவளுக்கு உயிர்வாதை.

ஒருமுறை 'லிட்டில் யூஸ்டு சோஃபா' என்று போட்டிருந்தார். அதிகம் பயன்படுத்தாத சோஃபா என்று அவர் சொல்ல வந்தது. கோடு இல்லாமல் போனதால், பயன்படுத்திய சின்ன சோஃபா என்று ஆகிவிட்டது. சின்ன சோஃபா தேடி ஒரு தம்பதி வந்து, நான்கு பேர் தாராளமாக உட்காரும் அந்தச் சோஃபாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நடுவுல ஒரு கோடு போட்டிருந்தா அவங்க வந்திருக்கவே மாட்டாங்க" என்றாள் அவள்.

"வந்ததுனாலதானே ஒரு ஸ்டூலாவது வாங்கிட்டுப் போனாங்க" என்றார் அவர்.

இதற்குமேல் என்ன சொல்ல முடியும். அவள் விட்டுவிட்டாள். அந்த ஆப்பைத் தன் ஃபோனிலிருந்தே எடுத்துவிட்டாள். பார்த்தால்தானே வயிறு எரியும்.

பல மாதம் கழித்து ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில், புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் பெண் ஃபோனை நீட்டினாள். அந்தப் பெண் தன் வீட்டுக்கு ஒரு நாற்காலி தேடிக்கொண்டிருந்தாள்.

"மேடம், இது உங்க வீட்டுக்காரர் கடைதானே? இங்கிலீஷ் சூப்பரா எழுதியிருக்காரு. நீங்க எழுதிக் கொடுத்ததா?"

அவள் வாங்கிப் படித்தாள். அதே சோஃபாதான், இன்னும் விற்கவில்லை. ஆனால் இப்போது 'லிட்டில்-யூஸ்டு'. நடுவே கோடு. சரி, யாரோ சொல்லியிருப்பார்கள் என்று அடுத்ததைப் பார்த்தாள். 'ஃப்ரெஷ்லி பாலிஷ்டு டேபிள்.' அங்கே கோடு இல்லை. அப்போதுதான் அவளுக்கு மூக்கு வேர்த்தது. அரைகுறையாகப் படித்தவர்கள் அந்த இடத்தில் கட்டாயம் ஒரு கோட்டைப் போட்டு மாட்டிக்கொள்வார்கள். 'லி' என்று முடிகிற சொல் தானே அடுத்த சொல்லைப் பிடித்துக்கொள்ளும், அதற்குக் கோடு வேண்டாம் என்பது விதி தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

அதற்கும் கீழே இன்னொன்று. இரண்டு கதவு அலமாரியும் உண்டு, மூன்று கதவு அலமாரியும் உண்டு என்பதற்கு 'டூ- அண்ட் த்ரீ-டோர்' என்று போட்டிருந்தது. டூ-வுக்குப் பக்கத்தில் ஒரு கோடு, பிறகு இடைவெளி. கொஞ்சம் பொறு, உன் ஜோடி பின்னால் வருகிறது என்று அந்தரத்தில் தொங்கும் கோடு அது. இந்த அலுவலகத்திலேயே அதைச் சரியாகப் போடத் தெரிந்தவர் அவள் ஒருத்திதான்.

"ஏதாவது சாஃப்ட்வேர் எழுதியிருக்கும் மேடம். இப்பல்லாம் எல்லாத்துக்கும் வந்துடுச்சே" என்றாள் வடிவமைக்கும் பெண்.

இருக்கலாம் என்று அவளும் நினைத்துப் பார்த்தாள். ஆனால் நாற்காலிக்குக் கீழே, 'இதன் வலது கை கொஞ்சம் ஆடும். சொல்லாமல் விற்க மனசு வரவில்லை' என்று ஒரு வரி இருந்தது. எந்த மெஷினுக்கு மனசு வராமல் போகும்? ஒரு ஆள் உட்கார்ந்து எழுதியிருக்கிறது. கடைக்கு வந்து நாற்காலியின் கையை ஆட்டிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறது.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"கடை விளம்பரமெல்லாம் இப்ப யாரு எழுதறாங்க?"

"நான்தான். ஏன்?"

"நல்லாருந்துச்சு."

அவர் முகம் மலர்ந்திருக்க வேண்டும். மாறாக, காது மடல் சிவந்தது. நேரே போய்க் கை கழுவினார். சாப்பிட உட்காரும்போது வந்து மறுபடியும் ஒருமுறை கை கழுவினார்.

அடுத்த நாள் காலை அவள் ஒரு காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். ஆபீசில் ஒரு பெண் கேட்டாள், பத்து வயசுப் பொண்ணுக்கு ஒரு கட்டில் வேணுமாம், இங்கிலீஷில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றாள். அவர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். எழுதியதைப் பார்த்தால், பெண்ணுக்கும் கட்டிலுக்கும்கூட நடுவில் கோடு இருந்தது. எல்லாச் சொல்லையும் சேர்த்துத் தையல் போட்டது மாதிரி.

"கடைல எழுதும்போது சரியா வருது, வீட்ல வரலையா?"

"அவசரத்துல எழுதினேன்" என்று பூசி மெழுகினார்.

பொய் என்று உறுதியாகிவிட்டது. எதற்குப் பொய் என்பதுதான் தெரியவில்லை. ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தால் சொல்லிவிட்டுப் போகலாமே. மறைக்கிறார் என்றால் மறைக்க வேண்டிய ஆள். அந்த ஆள் பெண் என்று அவள் மனம் தானாக முடிவுகட்டியது. அதன்பிறகு எல்லாம் அதற்கு ஏற்ற மாதிரியே தெரிந்தது. முன்பெல்லாம் கசங்கிய சட்டையோடு போவார்; இப்போது புதன்கிழமை ஆனால் இஸ்திரி போட்ட சட்டை. புதன் மதியம் ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும், "வழியில இருக்கேன்." எந்த வழி என்பது மட்டும் வராது.

அடுத்த புதன்கிழமை தலைவலி என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். உள்ளே வார்னிஷ் வாடை தூக்கியது. கால் உடைந்த மேசைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடந்தன. பாலிஷ்காரர் மட்டும் ஒரு கட்டில் சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். கணவருடன் பல வருடமாக இருக்கும் ஆள்.

"அண்ணன் டெலிவரிக்குப் போயிருக்காரு அண்ணி."

"வண்டி வெளியிலதானே நிக்குது?"

பாலிஷ்காரர் வாசலை எட்டிப் பார்த்தார். வண்டி நின்றது.

"சின்ன சாமான் அண்ணி. கையிலேயே எடுத்துட்டுப் போயிட்டாரு."

"என்ன சாமான்?"

"அதான்... ஸ்டூலு."

"எங்க?"

"பக்கத்துலதான் அண்ணி" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே வழவழவென்று ஆகிவிட்ட இடத்தையே மறுபடி தேய்க்கத் தொடங்கினார். அவர் வாயைக் கிளறிப் பயனில்லை. ஆனால் புறப்படும்போது கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் குடை மாட்டியிருந்ததைப் பார்த்தாள். அவளுடையதல்ல. கேட்கவில்லை. கேட்டால், வாடிக்கையாளர் மறந்துவிட்டுப் போனது என்று ஒரு பதில் வரும். அதை நம்பவும் முடியாது, நம்பாமல் இருக்கவும் முடியாது.

மறுநாள் மதியம் வடிவமைக்கும் பெண்ணிடம் போனாள்.

"அந்த நாற்காலி வாங்கப் போறியா? உன் ஃபோனைக் குடு, நான் கேட்டுப் பாக்கறேன். நான்னு சொல்லிடாத."

"உங்க வீட்டுக்காரர்கிட்டயே கேட்டுடலாமே மேடம்."

"குடேன்."

அந்த ஆப்பிலேயே செய்தி அனுப்பலாம். நாற்காலியைப் பற்றிய கடைசி வரியில், அது கையால் செதுக்கியது என்பதற்கு 'ஹேண்ட்-கார்வ்டு' என்று கோட்டோடு முடித்திருந்தது. அவள் ஆங்கிலத்தில் தட்டினாள்: நாற்காலி பிடித்திருக்கிறது. ஆனால் வர்ணனை பெயருக்குப் பின்னால் வரும்போது அந்தக் கோடு எதற்கு?

உண்மையான வாடிக்கையாளர் எவரும் இப்படிக் கேட்க மாட்டார். தெரிந்தேதான் கேட்டாள். எதிரே இருப்பது யாராக இருந்தாலும் இந்த இடத்தில் தடுமாறட்டும் என்று பார்த்தாள்.

தடுமாறவில்லை. பதில் உடனே வந்தது. அகராதியில் கோட்டோடு இருக்கும் சொல் எங்கே போனாலும் தன் கோட்டைக் கூடவே எடுத்துக்கொண்டு போகும்.

இந்த வாக்கியத்தை அவள் இதற்கு முன் கேட்டிருக்கிறாள். ஒரு மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, டீ தம்ளரைக் கையில் பிடித்தபடி, இதே திமிரோடு. அன்று தான் சொன்ன பதிலையே அவள் மெல்லத் தட்டினாள்: கோடு முட்டுக்கொடுக்கத்தான். தானாக நிற்கிற சொல்லுக்கு முட்டு எதற்கு?

இந்த முறை பதில் உடனே வரவில்லை. எழுதுகிறார் என்று காட்டும் மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன, மறுபடி தோன்றின. பிறகு ஒரே ஒரு சொல் வந்தது.

அக்கா?

வடிவமைக்கும் பெண் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "யாரு மேடம் இது? உங்களை அக்காங்கறாங்க?"

"தெரியலை" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் தன் இடத்துக்குப் போனாள்.

தெரியாமல் என்ன. அது தங்கை. கூடப் பிறந்தவள். ஆறேழு வருடமாகப் பேச்சில்லாதவள்.

இரண்டு பேரும் இதே அலுவலகத்தில், எதிரெதிர் மேசையில் இருந்தவர்கள். அப்போது குழந்தை வேண்டும் என்று அவளும் கணவரும் ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. தங்கைக்கு மட்டும் தெரியும். அந்த நேரத்தில் தலைமைத் திருத்துநர் பதவி காலியானது. அவளுக்குத்தான் கிடைக்கும் என்று ஊழியர்கள் எல்லோரும் நினைத்திருக்க, வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து வைத்தார்கள். காரணம் கேட்கப் போனபோது மேலாளர் அனுதாபமாகச் சொன்னார்: "நீங்க ட்ரீட்மெண்ட்ல இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். இந்த நேரத்துல உங்க தலையில பாரத்தை ஏத்த வேண்டாம்னுதான்."

கேள்விப்பட்டது யாரிடமிருந்து? அவள் யோசிக்கவே இல்லை. மேசைக்குத் திரும்பி வந்து தங்கையிடம், "நீதானே சொன்ன?" என்றாள். தங்கை இல்லை என்றாள். ஒரே ஒருமுறைதான் சொன்னாள். இரண்டாம் முறை சொல்லாததையே அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு பேசவில்லை. கொஞ்ச நாளில் தங்கை வேலையை விட்டுப் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. இரண்டு துக்கமும் ஒன்றாகக் கலந்து, தங்கை முகத்தை நினைத்தாலே கசக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

இத்தனை வருடம் கழித்து இப்போது இது. வேறொரு பெண் என்றால் என்ன பேசுவது என்று அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். தங்கை என்றால் என்ன பேசுவது?

அன்று வீட்டுக்கு அவர் முன்னதாகவே வந்திருந்தார். செய்தி போயிருக்கிறது. கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி.

"எத்தனை நாளா?" என்றாள்.

"அவ வேலை பாத்த கம்பெனியை மூடிட்டாங்க. சும்மா இருக்கேன் அத்தான்னு ஒரு நாள் போன் பண்ணா. கடைக்கு எழுதிக் குடும்மான்னேன். புதன்கிழமை வந்து சாமானெல்லாம் பாத்துட்டுப் போவா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விடுவேன். அவ்வளவுதான்."

"அதுக்கு எதுக்கு இஸ்திரிச் சட்டை?"

அவர் குழம்பிப்போய்த் தன் சட்டையைப் பார்த்தார். "ஆரம்பத்துல ஒரு நாள் கசங்கின சட்டையோட இருந்தேன், அக்கா கவனிக்கறதில்லையான்னு கேட்டா. உன்னைத் தப்பா நெனைக்கக் கூடாதேன்னுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ என்ன நெனச்சிருப்ப?"

அவள் உள்ளே போய் டீ போட அடுப்பில் பால் வைத்தாள். பால் பொங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கைக்கு வேலை கொடுத்ததில் தப்பில்லை. ஆனால் பேச்சு அறுந்துபோன மச்சினியை இந்த மனிதர் ஏன் இவ்வளவு தாங்குகிறார்? நல்ல மனசு என்று சொல்லலாம். நல்ல மனசு மட்டும்தானா? ஆஸ்பத்திரி விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி அவளே. இன்னொருத்தி தங்கை, இல்லை என்றாள். அந்த வரியை அவள் இத்தனை வருடமும் பாதியிலேயே நிறுத்திப் படித்துவந்திருக்கிறாள்.

அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"நான் ட்ரீட்மெண்ட்டுக்குப் போறதை எங்க மேனேஜர்கிட்ட சொன்னது யாரு?"

அவர் நிமிரவில்லை.

"ஒரு நாள் உங்க ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்குப் போன் வந்துச்சு. நீ தனியா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாள். மேடம் ஏன் வரலைன்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்னேன். என்ன உடம்புக்குன்னு கேட்டாங்க. உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலைன்னு நெனைக்கறேன்."

"நெனைக்கறீங்களா?"

"அன்னிக்கு எனக்கு சந்தோஷம் தாங்கலை. இந்தத் தடவை நிச்சயம்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. வாய்ல என்ன வந்துச்சுன்னு சத்தியமா ஞாபகம் இல்லை."

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்து அவர் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "அவ வீடு எங்க இருக்கு?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனாள். மாடியில் இரண்டு சின்ன அறைகள். தங்கை கதவைத் திறந்துவிட்டு, வா என்று சொல்லாமல் நகர்ந்து வழிவிட்டாள். இளைத்திருந்தாள். காதோரம் நரை. மேசைமேல் கட்டில், பீரோ, கண்ணாடி பதித்த அலமாரி என்று படங்கள் விரித்திருந்தன.

"டீ போடட்டுமா?"

"வேணாம். ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அவர்தான் சொல்லியிருப்பாருன்னு உனக்குத் தெரியுமா?"

தங்கை படங்களை அடுக்கிக்கொண்டே பேசினாள். "தெரியும்னு சொல்ல மாட்டேன். தோணுச்சு. நான் சொல்லலை, நீயும் சொல்லியிருக்க மாட்ட."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்னை விட்டுட்டு அவரைப் பிடிச்சிருப்ப. அந்த நெலமையில உனக்குச் சாயங்காலம் திரும்பிப் போறதுக்கு ஒரு வீடு வேணும்னு தோணுச்சு. நான் இல்லாட்டியும் உன்னால இருக்க முடியும்."

அவள் தங்கை முகத்தைப் பார்த்தாள். இதில் எங்காவது ஒரு ஓட்டை இருக்குமா என்று அவளையும் மீறிக் கண் தேடியது. இவ்வளவு நல்லவளா இவள்? அவரைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததற்கு அவர் செய்யும் கைம்மாறா இந்த வேலை? அல்லது, இந்தப் பதிலைக்கூட இருவரும் பேசி வைத்துக்கொண்டார்களா?

தங்கை சட்டென்று சிரித்தாள். "இப்பவும் யோசிக்கறல்ல? நான் சொல்றது நெசமான்னு?"

"ஆமா" என்றாள் அவள். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"யோசி. எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா உக்காந்து யோசி. நின்னுக்கிட்டே இருந்தா எனக்குக் கழுத்து வலிக்குது."

அவள் உட்கார்ந்தாள். மேசைமேல் இருந்த ஒரு படத்தை இழுத்து, அதன் பின்னால் பென்சிலால் எழுதியிருந்ததைப் படித்தாள். தேக்கு மேசை, நன்றாகச் செய்தது, 'வெல்-மேடு' என்று வரியின் கடைசியில் கோட்டோடு முடிந்திருந்தது. அவள் தன் கைப்பையில் பேனாவைத் தேடினாள்.

"அடிக்காத. அகராதியில அப்படித்தான் இருக்கு" என்றாள் தங்கை.

"எந்த அகராதி? எடு, பாப்போம்."

தங்கை அகராதியை எடுத்துவந்தாள். பழைய பதிப்பு என்று அவள் சொன்னாள். புதுசு வாங்கிக் கொடேன் என்றாள் தங்கை. டீ வேண்டாம் என்று சொன்னவள் இரண்டு தம்ளர் குடித்தாள். அந்தக் கோட்டைப் பற்றி முடிவு எதுவும் ஏற்படவில்லை. இருட்டுவதற்கு முன் புறப்பட்டாள். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை. படியிறங்கும்போது தங்கை மேலிருந்து, "அடுத்த வாரம் வர்றியா?" என்று கேட்டாள். "பாக்கலாம்" என்றாள்.

அடுத்த வாரம் போனாள். அதற்கடுத்த வாரமும். கடை விளம்பரங்களைத் தங்கை எழுத, அவள் திருத்த, திருத்தியதைத் தங்கை பழையபடி ஆக்க, கடைசியில் எது வெளியே போனது என்பது அவருக்கே தெரியாது. வியாபாரம் பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கணவரிடம் மட்டும் அவள் அந்தத் தொலைபேசிப் பேச்சைப் பற்றி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது ஒருமுறை, துணி மடிக்கும்போது ஒருமுறை. கேட்டது ஆணா பெண்ணா? முதலில் என்ன கேட்டார்கள்? ஒருமுறை ஆண் என்றார், இன்னொரு முறை பெண் மாதிரி இருந்தது என்றார். அவர் வேண்டுமென்று மாற்றிச் சொல்லவில்லை, உண்மையிலேயே மறந்துவிட்டார் என்று ஒரு கட்டத்தில் அவளுக்குப் பட்டது. அப்படித்தான் படவேண்டும் என்று தானே முடிவு செய்துகொண்டாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. ஏதோ ஒரு வாரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

கொஞ்ச நாள் போனது. ஒரு காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "இப்பல்லாம் நீ அந்தப் போனைப் பத்திக் கேக்கறதே இல்லையே?" என்றார்.

"சும்மாதான்."

"சும்மாவா?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவர் ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விட்டபடி, அவள் போன திசையையே யோசனையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.